பன்றிக் குட்டி வாங்கும்போது இனத்தை எப்படி அடையாளம் காண்பது? கடலூர் பக்கத்துக்கு எது தோதுப்படும்?

முதலில் நிறத்தை மறந்துவிட்டுக் காதைப் பாருங்கள்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் குட்டி விற்கிறவர் வெள்ளையாக எதைக் காட்டினாலும் ‘ஒரிஜினல் யார்க்‌ஷயர்’ என்பார். அவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது, அவரிடம் விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். விஷயம் என்னவென்றால், பன்றியில் வெள்ளை நிறம் ஓங்கு பண்பு. யார்க்‌ஷயர் ஆணைக் கறுப்பு நாட்டுப்பன்றியோடு சேர்த்தாலும் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் பிறக்கும். சிலதில் தோலில் கருந்திட்டுகள் இருக்கும், அவ்வளவுதான். அதனால் வெள்ளைத் தோல் எதற்கும் சாட்சி இல்லை.

காது ஓரளவு உண்மை பேசும். பெரிய வெள்ளை யார்க்‌ஷயருக்குக் காது நிமிர்ந்து நிற்கும், முகம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். லேண்ட்ரேஸும் வெள்ளைதான், ஆனால் அதன் காது முன்னால் சாய்ந்து கண்ணை மறைக்கும். உடம்பு நீளமாக இருக்கும், விலா எலும்புகூட மற்றவற்றைவிட ஓரிரு ஜோடி அதிகம் உண்டு. டென்மார்க்காரர்கள் உருவாக்கிய இனம். இனப்பெருக்கத்துக்கான விலங்குகளை வெகுகாலம் வெளிநாட்டுக்கே கொடுக்காமல் பொத்தி வைத்திருந்தார்கள். கால் கொஞ்சம் மெலிவு என்பது இதன் மேல் உள்ள பழைய புகார். வழுக்குகிற சிமென்ட் தரை போட்டிருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டியூராக்கைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. அமெரிக்க இனம், செங்கல் சிவப்பு, காது பாதி வரை நிமிர்ந்து நுனி மட்டும் மடிந்திருக்கும். வேகமாக எடை கூடும், கறியின் ஊடே கொழுப்பு ஓடுவதால் ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் குட்டி எண்ணிக்கையிலும் பாலிலும் வெள்ளை இனங்களுக்கு அடுத்த இடம்தான். ஹாம்ப்‌ஷயர் கறுப்பு உடம்பில் தோளைச் சுற்றி முன்னங்கால்வரை வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். பெர்க்‌ஷயருக்கு நான்கு பாதம், மூக்கு, வால் நுனி என ஆறு இடத்தில் வெள்ளை. இவை இரண்டும் நம் பக்கம் கைக்குக் கிடைப்பது அரிது.

நம் நாட்டு இனங்களில் வடக்கு வங்காளத்து குங்ரூவைச் சொல்ல வேண்டும். கறுப்பு, புல்டாக் மாதிரி நசுங்கிய முகம், பெரிய காது. நாட்டு இனமாக இருந்தும் நிறையக் குட்டி போடும். இதைப் போலவே கோவாவின் அகோண்டா, மேகாலயாவின் நியாங் மேகா எல்லாம் முறையாகப் பதிவு பெற்றவை. நம் தெருவில் மேய்கிற கறுப்புப் பன்றி ஒரு வருடம் ஆனாலும் பெரிதாக எடை போடாது, ஆனால் வெயிலும் அரைகுறைத் தீனியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. வெள்ளைத் தோலானால் வெயிலில் கொப்பளிக்கவும் செய்யும். அக்னி நட்சத்திரத்தில் தீனி எடுப்பது குறையும். ஆண்பன்றிக்குச் சூடு ஏறினால் அதன் பிறகு சில வாரங்களுக்குச் சினை பிடிப்பதும் படுத்துவிடும். அதனால் சுத்த வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்று அலையாதீர்கள். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கலப்பினமான ‘தனுவாஸ் கே.பி.எம். கோல்டு’ முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டு ரத்தம். நானாக இருந்தால் தாய்ப்பன்றிக்கு அந்த மாதிரிக் கலப்பைத்தான் எடுப்பேன். கறிக்கு மட்டும் விற்கப்போகிற ஈத்துக்கு டியூராக் ஆணைச் சேர்ப்பேன், அந்த ஈத்தின் பெண் குட்டிகளைத் தாயாக நிறுத்த மாட்டேன்.

பெண் குட்டி வாங்கும்போது இனப் பெயரைவிடக் காம்பு முக்கியம். இரு பக்கமும் குறைந்தது ஆறு ஆறு வரிசையாக, உள்ளே இழுக்காமல் இருக்க வேண்டும், ஏழு ஏழு என்றால் இன்னும் நல்லது. சினைக்காலம் 114 நாள். பத்துக் குட்டி பிறந்து எட்டுக் காம்பு இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குட்டியை மட்டும் பார்க்காமல் தாயையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே பண்ணையில் வாங்க வேண்டாம், அண்ணன் தங்கையாகப் போய்விடும்.

பன்றி வளர்த்தால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் பன்றி அவதாரமான பூவராகரைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் சுளிப்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவலைப்பட வேண்டியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு. 2020இல் அசாம் பக்கம் வந்தது, எந்த இனத்தையும் விட்டுவைப்பதில்லை. ஹோட்டல் கழிவு போடுவதானால் நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுங்கள், புதுக் குட்டிகளைச் சில வாரம் தனிக் கொட்டகையில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே புதுச்சேரி குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.