ஒட்டுசுட்டானைச் சுற்றியும் பாறைக் குகைகளுக்குள்ளும்: கேள்வி பதில்

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் பிறந்தவன். அப்பப்பா காட்டில் தேன் எடுத்தவர். அவர் பின்னால் நடந்துதான் பாறைகளையும் குகைகளையும் பழகினேன். பிறகு ஊருக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவதே என் வேலையாகிவிட்டது. விடுமுறைக்கு வன்னிக்கு வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

கேள்வி (கனடாவிலிருந்து ஒரு தாய்): ஆவணியில் பிள்ளைகளோடு வருகிறோம், அண்ணை. குகைக்குள் இறங்க வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கயிறு, தலைக்கவசம் எல்லாம் கொண்டுவர வேண்டுமா?

கயிறு வேண்டாம், தங்கச்சி. மகன் படத்தில் பார்த்திருப்பது சுண்ணக்கல் குகையாக இருக்கும். மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து நிலத்துக்கடியில் மைல் கணக்கில் சுரங்கம் போடுகிற சங்கதி அது. வன்னியின் உட்பகுதி முழுக்கக் கருங்கல். அது அப்படிக் கரையாது. இங்கே குகை என்பது பெரும் பாறையின் அடிப்பக்கம் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து குடைந்த இடம், அல்லது ஒரு பாறைமேல் இன்னொன்று சாய்ந்து உண்டான பொந்து. பெரும்பாலானவற்றில் பத்துப் பதினைந்து அடி போனால் பின்சுவர் கையில் முட்டும். சிலவற்றில் தவழ்ந்து மறுபக்கம் வரலாம். அந்தத் தவழல் மகனுக்குப் போதும்.

தலைக்கவசத்தைவிட முக்கியமானவை கணுக்கால் மூடிய சப்பாத்தும் முழுக் காற்சட்டையும். ஆவணியில் வெயில் கொளுத்தும், காற்றும் வறண்டிருக்கும். காலை ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் திரும்பிவிடுவோம். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். காட்டுக்குள் எங்கேயாவது தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

கேள்வி (கொழும்பிலிருந்து ஒரு மாணவர்): எப்படி வருவது?

வடக்கு ரயிலில் மாங்குளம். உங்கள் ரயில் மாங்குளத்தில் நிற்குமா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து முல்லைத்தீவு பஸ். வழியிலேயே ஒட்டுசுட்டான்.

கேள்வி (லண்டனிலிருந்து ஒருவர்): கேட்கவே சங்கடமாக இருக்கிறது. மிதிவெடி இன்னும் இருக்கிறதா? காட்டுக்குள் நடக்கலாமா?

சங்கடப்படாதீர்கள். எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இருக்கிறது. 2009க்குப் பிறகு பெரும் பரப்புகளைத் துப்புரவாக்கிவிட்டார்கள். ஊர்கள், வயல்கள், தெருக்கள், பள்ளிக்கூடங்களில் மக்கள் அச்சமில்லாமல் நடமாடுகிறார்கள். ஆனால் பழைய முன்னரங்குகள் ஓடிய காடுகளில் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ வரிசையாக நட்ட சிவப்புக் கட்டைகளோ கண்டால் அங்கேயே நின்று, வந்த அடியிலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதற்காக இடம் துப்புரவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மழை வெள்ளம் மண்ணை அள்ளிக்கொண்டு போகும்போது வெடியும் இடம் மாறும்.

நான் கைக்கொள்வது ஒரே வழக்கம். மாடு போன தடத்தில், விறகுக்குப் போகிறவர்கள் இந்த ஆண்டும் நடந்த தடத்தில் மட்டும் கால் வைப்பேன். தடத்துக்குப் பக்கத்தில் ஐந்தடி தள்ளி அழகான பூ இருந்தாலும் போகமாட்டேன். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி படம் எடுக்கப் பின்பக்கமாக நடந்து நடந்து தடத்தை விட்டு இறங்கிவிட்டான். நான் கத்தவில்லை. கத்தினால் ஓடுவான். 'தம்பி, அசையாதை, உன்ரை கால் அடையாளத்தைப் பார், அதிலேயே திரும்பி வா' என்றேன். எட்டு அடி. அந்த எட்டு அடிக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. என்றாலும் அன்றைக்கு நாங்கள் குகைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கைபேசியில் வரைபடம் காட்டுகிற குறுக்குப் பாதையையும் நம்ப வேண்டாம். ஊரவர் ஒருவர் முன்னால் நடக்காமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை): பத்தடிக் குகை என்றால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

டீச்சர், குகைக்குள் நுழைய அவசரப்பட வேண்டாம். முதலில் வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். பாறையின் நெற்றியில், வாசலின் அகலத்துக்கு, உளியால் வெட்டிய ஒரு காடி ஓடும். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்பிலேயே சொட்டி வெளியே விழுவதற்காக வெட்டியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வெட்டிய காடி இன்றைக்கும் வேலை செய்கிறது. மாரியில் போனால் வாசலில் பாசிமணித் திரை தொங்குவதுபோலத் தண்ணீர் சொட்டும், உள்ளே மண் பொருபொருவென்று காய்ந்திருக்கும். துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்காகச் செய்துகொடுத்த இருப்பிடங்கள் இவை.

அந்தக் காடிக்குக் கீழே சிலவற்றில் எழுத்து இருக்கும். நடுப்பகலில் போனால் தெரியாது. சூரியன் நேரே அடித்தால் கல் முழுக்க ஒரே வெளிச்சமாகிவிடும். காலைச் சாய்வெயிலில் போக வேண்டும். அல்லது ரோர்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது வெட்டின் ஒரு கரையில் நிழல் விழுந்து, வெறும் கல்லாக இருந்த இடத்தில் எழுத்து எழும்பி வரும். கூட்டல் குறி மாதிரி இருப்பது 'க'. கூரைமுகடு மாதிரி Λ வடிவில் கவிழ்ந்திருப்பது 'க'வின் இன்னோர் ஒலி (ga), வடமொழியில் மூன்றாம் ககரம். பிராமி எழுத்து. உங்கள் மாணவர்களுக்கு இந்த இரண்டு எழுத்தையும் காட்டிவிட்டு, வரியில் எத்தனை இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் சத்தமே வராது.

பெரும்பாலும் ஒற்றை வரிதான்: இன்னாருடைய குகை. பிராகிருத மொழியில் குகைக்கு 'லேண' என்று பெயர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளம் கல்வெட்டில் இருக்கிற ஒரு பெயரை ஒவ்வொருமுறையும் நான் சொல்லாமல் விடுவதில்லை: விசாகன். தன்னை 'தமேட' வணிகன், அதாவது தமிழ் வணிகன், குடும்பத்தலைவன் என்று எழுதி வைத்திருக்கிறான். இந்தக் காட்டு வழியே சரக்கோடு போய் வந்த ஒரு தமிழ் வியாபாரி பௌத்தத் துறவிகளுக்குக் குகை கொடுத்திருக்கிறான். இந்தக் கற்களை முழுக்கத் தங்களுடையது என்று ஒரு பக்கம் சொல்வதும், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று மறுபக்கம் விலகுவதும் இரண்டுமே பிழை என்று நான் நினைக்கிறேன். விசாகன் எழுதியதை அப்படியே வாசித்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சோக்குக் கட்டி பூசுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, பாசியைக் கத்தியால் சுரண்டுவது, இவை எதையும் செய்ய விடாதீர்கள். சட்டப்படி குற்றம். அதைவிட, போன எழுத்துப் போனதுதான்.

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஓர் இளைஞர்): புதையல் இருக்கிற குகை என்று எங்கள் பக்கத்தில் ஒன்றைச் சொல்கிறார்கள். உண்மையா?

பொய், தம்பி. துறவியிடம் ஏது பொன்? நான் பார்த்த இரண்டு குகைகளில் தரையைத் தோண்டி, ஒன்றில் எழுத்திருந்த பாறை விளிம்பையும் உடைத்திருந்தார்கள். அதனால்தான் எந்தக் குகை எந்தக் காட்டில் என்று இங்கே எழுதுவதில்லை. நேரே வருகிறவருக்குக் காட்டுவேன்.

கேள்வி (அதே கனடாத் தாய்): கரடி, பாம்பு?

கரடிக்கும் குகை வீடுதான். அதைவிட நான் பயப்படுவது பெருந்தேனீக்கு. பாறை நெற்றியில் கறுப்புப் பாய் விரித்தமாதிரித் தேன்வதை தொங்கும். அப்பப்பா சொல்லித் தந்த ஒழுங்கு இது: குகைக்கு ஐம்பது அறுபது அடி முன்னாலேயே நின்று மேலே பார். வதை தொங்கினால் மூச்சுக் காட்டாமல் திரும்பு. இல்லையென்றால் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டே போ. ஆள் வருகிற சத்தம் கேட்டால் கரடி தானாக விலகும். திடீரென்று முகத்துக்கு முகம் கண்டால்தான் பாயும்.

வாசனைத் திரவியம் பூச வேண்டாம். சிகரெட், சாம்பிராணி, கற்பூரம் எதையும் பாறைக்குக் கீழே கொளுத்த வேண்டாம். ஈ கிளம்பினால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேரே தூர ஓடுங்கள். குளத்துக்குள் பாய்வதில் பயனில்லை, மேலே சுற்றிக்கொண்டு நிற்கும். நிறையக் கொட்டினால் 1990க்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ்.

பாம்புக்கு, கண் தெரியாத இடுக்கில் கை வைக்காதிருந்தாலே பாதிப் பயம் தீர்ந்தது. கண்ணாடிப் புடையன் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து ஆஸ்பத்திரி.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பதி): ஒரே ஒரு நாள்தான். குகை வேண்டாம். என்ன பார்க்கலாம்?

காலையில் தான்தோன்றீஸ்வரர் கோயில். கோயிலின் கதைதான் ஊரின் பெயரும். குரக்கன் அறுத்த புனத்தில் ஒட்டை, அதாவது அறுத்தபின் நின்ற தாளை, சுட்டபோது ஓரிடம் மட்டும் வேகாமல் நின்றதாம், அங்கே லிங்கம் இருந்ததாம். அதனால் வேகாவனம் என்றும் சொல்வார்கள்.

பக்கத்திலேயே கற்சிலைமடு. 1803 ஓகஸ்டில் வன்னியின் அரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31, இந்த இடத்தில் கப்டன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக வென்றவர்கள் ஆங்கிலத்தில் கல் நட்டார்கள். எதிரி எழுதிய கல்லால்தான் எங்கள் அரசனின் போர்க்களம் எங்கே என்று எங்களுக்குத் தெரிகிறது.

மத்தியான வெயிலுக்கு முத்தையன்கட்டுக் குளம். பேராற்றை மறித்துக் கட்டிய அணைக்கட்டில் மருதமர நிழல் தேடி இருங்கள். மாரி கடைசியில் வந்தால் குளம் நிரம்பி வான் பாயும், பார்க்க வேண்டிய காட்சி. குளிக்க ஆசைப்பட்டால் அங்கே வலை வீசுகிறவர்களிடம் முதலை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். பின்னேரம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், நந்திக்கடல் ஓரம். வைகாசிப் பொங்கலுக்கு வந்தால் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்கலாம். அன்று கூட்டம் தாங்காது.

இருட்டமுன் பெருந்தெருவுக்கு வந்துவிடுங்கள். ஐந்தரைக்குப் பிறகு யானை தெருவைக் கடக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இதை இரண்டுமுறை சொல்கிறேன்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒருவர்): முள்ளிவாய்க்காலும் பார்க்க வேண்டிய இடங்களில் வருமா?

வரலாம், ஐயா. ஆனால் குளத்தையும் குகையையும் பார்க்கிற நாளில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். தனியாக ஒரு நாள் வாருங்கள். வட்டுவாகல் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். 2009 மே மாதம் சனங்கள் அந்தப் பாலத்தால்தான் நடந்து வந்தார்கள். என் குடும்பமும் வந்தது. குளிர்காலத்தில் அதே நந்திக்கடலில் பூநாரைகள் நிற்கும். பார்க்கலாம், படமும் எடுக்கலாம். பாலத்தில் நின்று சிரித்துக்கொண்டு தன்படம் மட்டும் வேண்டாம். மே 18 நினைவு நாளுக்கு வந்தால் கஞ்சி தருவார்கள், வாங்கிக் குடியுங்கள்.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு மாணவி): வெடுக்குநாறி மலைக்குப் போகலாமா?

ஒலுமடுப் பக்கம், நெடுங்கேணிக் காட்டில் இருக்கிறது. உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர். 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. 2024 சிவராத்திரி இரவு வழிபடப் போன எட்டுப் பேரைக் கைதுசெய்தார்கள், பிறகு நீதிமன்றம் விடுவித்தது. நீ வழிபடப் போவதென்றால் கோயில் நிர்வாகத்தாரைக் கேட்டு, பகலில், பெரியவர்களோடு போ, தங்கச்சி. மலையேறிப் பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால் இப்போதைக்கு வேறு பாறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கேள்வி (நோர்வேயிலிருந்து ஒருவர்): சாப்பாடு? பாலைப்பழம் இன்னும் கிடைக்குமா?

கிடைக்கும். வைகாசி, ஆனி, ஆடி. மஞ்சள் நிறத்தில் விரல்நுனி அளவு, பால் பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டும். நிறையத் தின்றால் உதடு திறக்காது. சின்ன வயதில் அம்மா தேங்காயெண்ணெய் தடவித்தான் விடுவித்தார். அதே நாட்களில் கரடியும் பாலைமரத்தில்தான் இருக்கும், ஆகையால் மரத்தடிக்குப் போகாமல் தெருவோரம் விற்கிறவர்களிடம் வாங்குங்கள். ஏ9 தெருவால் வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சுடச்சுடக் கச்சானும் வாங்கி வாருங்கள்.

கேள்வி (கொழும்பிலிருந்து ஒரு பெண்): நாங்கள் மூன்று பெண்கள் மட்டும். ஏதும் சிக்கல்?

இல்லை, அக்கா. காட்டு நடைக்கு என் மனைவியும் வருவா. வழியில் கழிப்பறை கிடையாது, கோயிலடியில் முடித்துக்கொண்டு புறப்படுவோம். இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

கேள்வி (கனடாத் தாயின் மகன், பத்து வயது): நான் என்ன லைட் கொண்டு வரணும்?

தலையில் கட்டுகிற லைட் ஒன்று, கையில் பிடிக்கிற சின்ன ரோர்ச் ஒன்று. தலையில் இருப்பது நீ தவழ. கையில் இருப்பது கல்லில் பக்கவாட்டில் பிடித்து அந்தக் கூட்டல் குறியைத் தேட. பற்றரி மறக்காதை.