கலைத்து ட்யூன் செய்த கிடார்: கேள்வி பதில்

குன்னூரில் பல வருடங்களாகக் கிடார் சொல்லித்தருகிறேன். ஞாயிறு ராத்திரிகளில் தகரக்கூரை ஷெட் ஒன்றில் மூன்று பேராகச் சேர்ந்து சத்தமாகவும் கோணலாகவும் வாசிப்போம். தந்திகளை வழக்கமான சுரங்களிலிருந்து மாற்றிச் சேர்ப்பதால் வரும் அந்தக் கோணலைப் பற்றி நம் மலையிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை.

அண்ணா, சாதாரண ட்யூனிங்கிலேயே அபசுரமா கார்டு பிடிக்கலாமே, எதுக்குத் தந்தியை மாத்தணும்? (கேத்தி, கல்லூரி மாணவர்)

பிடிக்கலாம் தம்பி. ஆனால் விரலால் பிடித்த அபசுரம் விரலை எடுத்ததும் போய்விடும். வெறும் தந்தியிலேயே அதை வைத்துவிட்டால் நீ என்ன வாசித்தாலும் பின்னால் உரசிக்கொண்டே இருக்கும்.

நான் விடாமல் வைத்திருக்கும் ட்யூனிங் இது. தடித்த தந்தியிலிருந்து சி, ஜி, சி, எஃப் ஷார்ப், ஜி, சி. நம் கணக்கில் ச ப ச ம ப ச, அந்த ம பிரதி மத்யமம், ப-வுக்கு அரைச்சுரம் கீழே. கீழே மூன்று தந்தியும் தம்பூரா போல அடக்கமாக நிற்கும். வம்பு மூன்றாவதிலும் இரண்டாவதிலும்தான், அதாவது எஃப் ஷார்ப்பிலும் ஜி-யிலும் (தந்தி எண்ணை மெல்லியதிலிருந்து எண்ணுவோம்). ஒன்று 185 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 185 அதிர்வு, மற்றது 196. வித்தியாசம் 11, அதனால் சத்தம் விநாடிக்கு 11 தடவை ஏறி இறங்கும், அதைத்தான் துடிப்பு என்கிறோம். பாடகர் ம-வைத் தொட்டு ப-வுக்குப் போய் நிம்மதி கொடுப்பார். இங்கே இரண்டும் ஒரே வாசலில் நிற்கும், எதுவும் வழிவிடாது. கீழே ச-ப உறுதியாக இருப்பதால்தான் அந்த உரசல் காதில் விழுகிறது. ஆறு தந்தியையும் மனம்போனபடி கலைத்தால் வெறும் இரைச்சல், அரை மணி நேரத்தில் உனக்கே அலுத்துவிடும்.

டிஸ்டார்ஷன் போட்டால் எல்லாம் கூழாகிவிடுகிறது. பெடல் மாற்றவா? (கொடைக்கானல், நாயுடுபுரம்)

பெடல் மேல் பழி வேண்டாம். டிஸ்டார்ஷன் என்பது ஒலியைக் கரகரப்பாக்குவது. அது இரண்டு சுரங்களை வாங்கிக்கொண்டு, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் சேர்த்தே வெளியே விடும். 98 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான 147-ம் போட்டால் கழித்து வருவது 49, சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சுரமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு அவ்வளவு கனமாகக் கேட்பது அதனால்தான். 185-ம் 196-ம் போட்டால் கழித்து வரும் 11 சுரமாகவே கேட்காது, நடுக்கமாகத்தான் வரும். கூட்டி வரும் 381, எஃப் ஷார்ப்பும் இல்லை ஜி-யும் இல்லை, இரண்டுக்கும் நடுவே தொங்கும்.

டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெய்னைப் பாதியாக இறக்குங்கள். உரசும் தந்திகளைத் தனியாக, கிடாரின் வால்யூமைக் குறைத்து மீட்டுங்கள். நடுக்கத்தை எண்ண முடிகிற அளவுக்குத் தெளிவு இருந்தால் போதும்.

சி வரை இறக்கினால் தந்தி கொடி மாதிரி தொங்குது சார். (வெலிங்டன்)

தொங்கத்தான் செய்யும். நாலு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசையில் சுமார் 37 சதவீதம் போய்விடும். தந்தி நீளம் 25.5 அங்குலமான கிடாரில் 46 தந்தி (கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு) வழக்கமான ஈ-யில் ஏறக்குறைய 8 கிலோ இழுக்கும், சி-யில் 5 கிலோதான். 56 போட்டால் சி-யிலேயே ஏழரை கிலோ கிடைக்கும். இரண்டாம் தந்தியும் ஜி-க்கு இறங்குவதால் அங்கே 17 போடுங்கள், வழக்கமாக மூன்றாவதற்குப் போடும் கனம் அது. தடித்த தந்திக்கு கழுத்தின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டியிருக்கும், இன்டோனேஷனையும், அதாவது கழுத்து நெடுக சுரம் சரியாக வருகிறதா என்பதையும், திரும்பப் பார்க்கணும்.

தளர்ந்த தந்தியையே விரும்பியவர்களும் உண்டு. பிளாக் சப்பத் ராக் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிறகு மெல்லிய தந்திக்குப் போனார், 1971 வாக்கில் சி ஷார்ப் வரை இறக்கினார்.

என் கிடார் ஆம்பில் சதா 'ம்ம்ம்' என்று இரைகிறது. எப்படி ஒழிப்பது? (கோத்தகிரி)

முதலில் எர்த்திங் சரியா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம். அதற்குப் பிறகும் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை வாங்கும், ஒரே கம்பிச்சுருள் உள்ள காந்தம்) கொஞ்சம் இரையும். நான் அதை ஒழிப்பதில்லை, சுருதியாக வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதிலும் அதன் மடங்குகளிலும் வரும், 100 ஹெர்ட்ஸ் நன்றாகக் கேட்கும். கிடாரின் ஜி 98. இரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு துடிப்பு, அதுதான் எரிச்சல். ட்யூனரில் ஏ-யை 440-க்குப் பதில் 449 என்று வைத்து முழுக் கிடாரையும் ஏற்றுங்கள். ஐந்தாம் தந்தி 100-இல் போய் உட்காரும், இரைச்சல் பஞ்சமமாகிவிடும். எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மழை விட்ட ராத்திரியில் கதவைத் திறந்துவைத்தால் அதுவும் எங்களோடு சேர்ந்து பாடும்.

அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் சரிபாதியில். அங்கே இந்தக் கணக்கு வேறு.

பனியில் ட்யூனிங் நிற்பதே இல்லை. (ஊட்டி)

மேட்டுப்பாளையத்தில் வேர்க்க வேர்க்க ட்யூன் செய்துவிட்டு பஸ் ஏறினேன் ஒரு தடவை. குன்னூரில் பையைத் திறந்தால் எல்லாத் தந்தியும் ஏறியிருந்தது. குளிரில் எஃகு சுருங்கும். தளர்ந்த தந்தியில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம், நம் ட்யூனிங்குக்கு அதுதான் சாபம். பையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு அப்புறம் ட்யூன் செய்யுங்கள். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஜூலையில் ஒரே மாதத்தில் துரு.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ட்யூனிங் என்றால் எத்தனை கிடார் வேண்டும்? (தாண்டிக்குடி)

நியூயார்க்கின் சோனிக் யூத் குழு அப்படித்தான் வண்டி நிறையக் கிடார் கொண்டுபோனது. 1999 ஜூலையில் கலிஃபோர்னியாவில் லாரியோடு எல்லாம் திருடு போயிற்று. மலிவுக் கிடார்கள்தான் பல, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாட்டுக்கென்றே பழக்கியவை. புதுசு வாங்கினால் அந்தப் பாட்டு வந்துவிடுமா? உங்களுக்கு இரண்டு போதும். ஒரே ட்யூனிங்கில் நாலு பாட்டு போட முடியவில்லை என்றால் அதை இன்னும் முழுசாக வாசித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தந்திக்கடியில் ஸ்க்ரூடிரைவர் செருகலாமா?

செருகலாம். 12-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) மேல் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே சுரம். 7-ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி நட் பக்கம் தட்டிப் பாருங்கள், கோயில் மணி கேட்கும். விலையுயர்ந்த கிடாரில் வேண்டாம்.

என் பையன் கர்நாடக சங்கீதமும் கற்றுக்கொள்கிறான். இதை வாசித்தால் சுருதி ஞானம் கெட்டுப்போகாதா? (குன்னூர், ஒரு தாய்)

கெடாதும்மா. 72 மேளகர்த்தாவில் 40 விவாதி மேளங்கள், அதாவது ஒன்றோடொன்று உரசும் நெருங்கிய சுரங்கள் உள்ளவை. முதல் மேளம் கனகாங்கியிலேயே ச, ரி, க மூன்றும் அரைச்சுர இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கும். விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணப் பழகிய காதுக்குத் தம்பூரா சேர்ப்பது இன்னும் சுலபம்.

எனக்குக் கவலை சத்தத்தைப் பற்றித்தான். தகரக்கூரைக்குக் கீழே அது இரட்டிப்பாகும். மருந்துக்கடையில் நுரை காதடைப்பான் கிடைக்கும், பையனிடம் இரண்டு ஜோடி கொடுத்தனுப்புங்கள். ஒன்றைக் கண்டிப்பாகத் தொலைப்பான்.