பழைய சட்டத்தில் ஓரிரு சொற்களை மாற்ற ஒரு தனிச் சட்டமா? அதனால் யாருக்கு என்ன பயன்?

எங்கள் பூட்டிக்குத் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. அப்படி ஒரு குட்டிச் சட்டத்தால்தான்.

1937 ஏப்ரல் 14 அன்று இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. மத்திய சட்டசபையில் அதைக் கொண்டுவந்தவர் பம்பாய் டாக்டர் ஜி.வி. தேஷ்முக். உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச்சொத்தில் அவர் மனைவிக்கும், அவருக்கு முந்தி இறந்துபோன மகனின் மனைவிக்கும் பங்கு உண்டு என்றது சட்டம். ஆனால் 2ஆம் பிரிவில், ஓர் இந்து உயில் எழுதாமல், 'மனைவியை விட்டுவிட்டு' இறந்தால்தான் இது செல்லும் என்று எழுதியிருந்தார்கள். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால்? மருமகள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். மாமியாரின் ஆயுளுக்கும் மருமகளின் பங்குக்கும் என்ன சம்பந்தம்? 1938இன் 11ஆம் சட்டம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டது.

பூட்டியின் நிலைமை அதுவேதான். புருஷனும் மாமியாரும் முன்பே இறந்துவிட, வியாபாரத்தில் சம்பாதித்து வீடு கட்டிய மாமனார் 1939இல் உயிலில்லாமல் காலமானார். பூட்டிக்கு ஒரே மகள், இரண்டு கொழுந்தன்மார். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் இப்போது மும்பை செம்பூரில் சித்தப்பாவிடம் இருக்கிறது. கொழுந்தன்மார் கையெழுத்துகளுக்குக் கீழே, மை கொஞ்சம் பரவிய பூட்டியின் இடது பெருவிரல் ரேகை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வயலில் மட்டும் பங்கு வரவில்லை. மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. மதராஸ் மாகாணம் 1947இல் தனிச் சட்டம் போட்டு நிலத்தையும் சேர்த்தது. 1939இல் நடந்த சாவுக்கு அது எட்டவில்லை. இது பெரிய அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீட்டுப் பங்கும் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமைதான், இஷ்டப்படி விற்க முடியாது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், அதை முழு உரிமையாக்கியது.

மும்பையில் இருந்துகொண்டு ஊர்ச் சொத்துப் பத்திரத்தைப் புரட்டுகிறவர்கள் முதலில் சொத்துக்காரர் இறந்த தேதியைப் பாருங்கள். அது 1937 ஏப்ரல் 14க்கும் 1956 ஜூன் 17க்கும் இடையில் விழுந்தால், அந்த வீட்டு விதவைகளின் பெயர் பத்திரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் காரணம் கேளுங்கள்.