ஸ்பானிய மொழியில் சுவரும் மதிலும்

கேள்வி: ‘வால்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் பல சொற்கள் இருக்கின்றனவே, எதை எங்கே எழுதுவது?

பதில்: அறையின் சுவர் ‘பரேத்’, வெளியே தனித்து நிற்கும் கனத்த சுவர் ‘மூரோ’, ஊரையோ கோட்டையையோ வளைத்துக் காக்கும் மதில் ‘முராயா’. அதனால்தான் பெர்லின் சுவரை மூரோ என்றும் சீனப் பெருஞ்சுவரை முராயா என்றும் அவர்கள் எழுதுகிறார்கள். ஸ்பெயினின் ஆவிலா நகரைச் சுற்றி ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் நீளும் முராயாவின் மேல் ஏறினால், காவலர் நடந்த பாதைக்கு அரபு வழி வந்த ‘அதார்வே’ என்னும் பெயரும், அதன் ஓரத்தில் பல்வரிசைபோல் எழும் ஞாயிலுக்கு ‘அல்மேனா’ என்னும் பெயரும் வழங்குவதைக் காணலாம். மண்ணை இடித்து இறுக்கி எழுப்பும் சுற்றுச்சுவர் ‘தாப்பியா’. காது சற்றும் கேளாதவரைத் தாப்பியாவைவிடச் செவிடு என்பது அங்குள்ள வழக்கு. மதில், ஞாயில் என்ற சொற்கள் நம்மிடமே இருக்க, முராயாவை வெறும் சுவர் என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை.