தவழும் குழந்தை உள்ள வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ஒன்றரை வயதுப் பையன் எடை மெஷினின் மூடியைக் கழற்றிவிட்டான். பட்டன் பேட்டரியைக் காணோம் என்று தேடி, கடைசியில் கட்டிலுக்கடியில் எடுத்தோம். விழுங்கியிருந்தால்? 'வாழைப்பழம் கொடு, மறுநாள் வந்துடும்' என்கிறார் மாமியார்.
(வாசகி, ஈரோடு)

பதில்: காசு விழுங்கினாலே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் முறை. பட்டன் பேட்டரிக்கு மறுநாள் வரை பொறுக்கவே கூடாது.

எடை மெஷினில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032. அகலம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ., 3 வோல்ட். வில்லங்கமே அந்த அகலம்தான். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் வசமாகச் சிக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ரசாயனம் ஒழுகினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுகவே வேண்டாம். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, நெகடிவ் பக்கம் காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகி, சதையை அரிக்கும். இரண்டே மணி நேரத்தில் கடும் புண்ணாகிவிடலாம். தீர்ந்துபோனது என்று கழற்றிப் போட்ட பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். பார்த்தால் சளி மாதிரியே தெரியும். அதனால் டாக்டரிடம் எடுத்த எடுப்பில் 'பேட்டரியைக் காணோம்' என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசு போலத்தான் தெரியும். ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தால் பேட்டரி.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழம், சோறு எதுவும் வேண்டாம். எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே போங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, எச்சில் விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அது அரிப்பைச் சற்று மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தேன் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

ஸ்க்ரூ இல்லாத மூடியை டேப் போட்டுச் சுற்றுங்கள். திருவிழாக் கடையில் வாங்கும் மினுக்கு பொம்மைகளையும் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி எட்டு மாதக் குழந்தையின் நெஞ்சில் தடவலாமா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: வேண்டாம். இரண்டு வயது வரை எந்த வடிவிலும் கற்பூரம் தடவக் கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும்.

அதைவிடப் பெரிய கவலை பூஜை அறைக் கட்டி. குழந்தைக்கு அது கற்கண்டு. 1 கிராம்கூட உயிருக்கு ஆபத்து. தின்ற சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம்; அந்த நேரத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். எனவே விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். பாயசத்துக்குப் போடும் பச்சைக் கற்பூரத்தையும் சேர்த்தே பூட்டி வையுங்கள்.

கேள்வி: இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. பக்கெட்டில் பிடித்து வைக்காமல் முடியாது. என்ன செய்வது?
(வாசகர், விருதுநகர்)

பதில்: பிடித்து வையுங்கள், ஆனால் பக்கெட்டில் அல்ல. நடை பழகும் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழும். நிமிர்ந்து எழக் கையில் வலு இருக்காது. 20 லிட்டர் பக்கெட் நிறைய இருந்தால் சாயவும் சாயாது. சத்தமும் கேட்காது. அரை அடி தண்ணீர்கூட வேண்டியதில்லை. குழந்தையைவிட உயரமான, இறுக்கி மூடும் டிரம்மில் சேமித்து, பக்கத்தில் ஸ்டூல் இல்லாமல் பாருங்கள். காலி பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.