கேளுங்க சொல்றோம்: கரப்பானைக் கூட்டிப்போகும் குளவி

கேள்வி: ஒரு குளவி கரப்பான்பூச்சியின் மீசையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போகுமாமே, நிஜமா? (வாசகி, தஞ்சாவூர்)

நிஜம்தான். மரகதக் குளவி என்று பெயர், நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும், நம் நாட்டிலும் உண்டு. முதல் கொட்டு மார்பில், முன்னங்கால்கள் சில நிமிடம் ஓய்ந்துவிடும். அதற்குள் இரண்டாவது கொட்டு, தலைக்குள், கொடுக்கு நுனியாலேயே துழாவி மூளையில் சரியான இடம் பார்த்து. இதற்குப் பிறகு கரப்பானுக்கு வாதம் வந்துவிடுவதில்லை, அதுதான் வேடிக்கை. காலெல்லாம் நன்றாகவே இருக்கும், ஆனால் தானாக ஓடத் தோன்றாது. அரைமணி நேரம் உட்கார்ந்து உடம்பைத் துடைத்துக்கொண்டிருக்கும். குளவி அதன் மீசையைப் பாதியில் கடித்து, கசிவதைக் கொஞ்சம் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பிடித்து இழுத்தால் கயிறு கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே பொந்துக்குள் போகும். அங்கே காலில் ஒரு முட்டை, அப்புறம் வாசலைக் கல் வைத்து அடைத்துவிடும். பொரியும் புழு கரப்பானுக்குள் புகுந்து தின்று வளரும், அதுவும் பல நாள் உயிரோடு இருக்கும்போதே. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: அப்படியானால் அதை வளர்த்துக் கரப்பானை ஒழிக்கலாமே? (வாசகர், சேலம்)

1941-லேயே ஹவாய்த் தீவில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளும் பூச்சி, ஓரிடத்தில் நிறைய சேராது. ஒரு முட்டைக்கு ஒரு கரப்பான் என்று அது வேட்டையாட, கரப்பானோ ஒரே முட்டைக்கூட்டில் 15 குஞ்சு வரை பொரிக்கிறது. நமக்கு வழக்கமான துடைப்பம்தான்.

கேள்வி: மின்மினி சுடுமா? (மாணவர், நாகர்கோவில்)

சுடாது. வேதிவினையில் பிறக்கும் குளிர்ந்த ஒளி அது, தைரியமாகக் கையில் விட்டுப் பாருங்கள். பிறகு பறக்க விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாமரத்து முசுறு இலைகளை எதை வைத்து ஒட்டுகிறது? (வாசகர், பொள்ளாச்சி)

தன் குழந்தைகளை வைத்து! வளர்ந்த எறும்புக்கு நூல் வராது, புழுவுக்குத்தான் வரும். ஒரு கூட்டம் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்க, இன்னொரு கூட்டம் புழுக்களை வாயில் தூக்கிவந்து இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாறி மாறித் தொட வைத்துத் தைத்துவிடும். பாவம், நூல் எல்லாம் வீட்டுக்கே போய்விடுவதால் புழு தனக்கென்று கூடு கட்டிக்கொள்வதில்லை. மரம் ஏறினால் கடிக்கும், கடித்த இடத்தில் அமிலமும் பீய்ச்சும். ஆனால் மற்ற பூச்சிகளை விரட்டும் என்பதால் தென் சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக இதன் கூட்டைக் கொண்டுவந்து மரத்தில் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் உடனே மண்ணெண்ணெயும் பந்தமுமாகக் கிளம்ப வேண்டாம், பறிக்கிற வாரத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை.