கிளிநொச்சியில் இருந்துகொண்டு, 8 ஜிபி லப்டொப்பில் அன்ட்ரொயிட் செயலி செய்து பிளே ஸ்டோரில் போட முடியுமா?

தாராளமாக முடியும். 8 ஜிபியில் அன்ட்ரொயிட் ஸ்டூடியோ (செயலி எழுதும் மென்பொருள்) ஓடும். எமியுலேட்டரை, அதாவது லப்டொப்புக்குள்ளேயே ஓடும் போலி போனைத் திறந்தால்தான் மூச்சுத் திணறும். அதை விடுங்கள். போன் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பரை' 7 தரம் தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். யூஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டு, கேபிளைச் செருகி, செயலியை நேரே போனிலேயே ஓட்டிப் பாருங்கள்.

பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்கக் கட்டணம் 25 டொலர், ஒரே தரம்தான். (அப்பிளுக்கு வருசாவருசம் 99, இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.) ஆட்களை மறிப்பது வேறொன்று: புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இணைந்திருந்த பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். முகம் தெரியாதவர்களைத் தேடுவதைவிட, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துப் பெடியளைக் கேளுங்கள். பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள்.